வெற்றுக் கோப்பு

நாள் 112 — 07:40

புதிய தொகுதி தொடங்குகிறது. பின்னால் இதைக் கண்டெடுப்பவருக்காக, விதிப்படி, அறிமுகம்.

இடம்: சனிக்கோளின் நிலாவான என்செலடஸ், தென்துருவம். காலடியில் மூன்று கிலோமீட்டர் பனி. அதற்குக் கீழே கடல். நிலையத்தில் இருவர். நான் முப்பிடாதி, கருவிப் பொறியாளர், வயது நாற்பத்து நான்கு, ஊர் வள்ளியூர். மற்றவர் மொகுதூம், கடலாய்வாளர், ஐம்பத்தொன்று, ஊர் காயல்பட்டினம். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். பூமியிலிருந்து இங்கு வர ஐந்து வருடம் ஆனது. அதில் முதல் மாதத்திலேயே எனக்கும் அவர் காக்கா ஆகிவிட்டார்.

தரை வெப்பநிலை மைனஸ் 194. சனியின் இழுப்பில் பனி விரிசல் முப்பத்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அகன்று, பிறகு சுருங்குகிறது. அதன் வழியே கடல்நீர் பொடிப்பனியாக வெளியே பீய்ச்சியடிக்கிறது. அந்தப் பொடியில் என்னென்ன உப்பு இருக்கிறது என்று பார்க்கும் கருவி சரியாக இயங்குகிறது. மொகுதூம் மூழ்குகலத்தில், பனியை உருக்கித் துளைத்த வழியாக இறங்கி, இரண்டு நாளாகக் கடலில் இருக்கிறார். கேபிள் வழிப் பேச்சு தெளிவு.

குறிப்பேட்டு விதி: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. ‘இதை எப்படிச் சோதிப்பது?’ கட்டம் நிரம்பினால் வாக்கியம் பூமிக்குப் போகும். நிரம்பாவிட்டால் ‘வெற்று’ என்ற கோப்பில் விழும். அதை யாரும் படிக்க மாட்டார்கள். விதியை எழுதியது நான். சோதிக்க வழியில்லாத வாக்கியம் உண்மையுமில்லை, பொய்யுமில்லை, வெறும் சத்தம் என்று கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

நாள் 112 — 16:20

மொகுதூமின் இன்றைய அளவீடுகள் தனி அட்டவணையில். அதற்குப் பிறகு கேபிளில் வந்தது, பதிவானபடி:

“முப்பிடாதி, சும்மாதான் இருக்கியா? ஒண்ணு கேக்கணும். ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி எங்க ஊர்க் கடல்ல ஒருத்தன் முங்கிச் செத்தான்னு வையி. கடைசியா அவன் யாரை நெனச்சான்? அதுக்கு ஒரு விடை இருக்கா, இல்லையா?”

கண்டுபிடிக்க வழியில்லாத விடையை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்றேன்.

“நமக்கு வழியில்லங்கறது நம்ம குறைம்மா. அதுக்காக அவன் யாரையும் நெனைக்கலன்னு ஆயிருமா?”

இது ஐந்து வருடமாக நடக்கும் சண்டை. கப்பலில் சாப்பாட்டு நேரத்துக்கு வேறு பொழுதுபோக்கு இருக்கவில்லை. உன் விதியையே உன் கட்டத்தில் போட்டுப் பார், அதை எப்படிச் சோதிப்பாய் என்று கேட்பார். விதி ஒரு வாக்கியமல்ல, அளவுகோல், அளவுகோலை யாரும் அளப்பதில்லை என்பேன். அப்படியானால் சோதிக்க முடியாத ஒன்றை நம்பித்தான் நீயும் வேலை செய்கிறாய் என்பார். ஒருவரும் ஜெயித்ததில்லை.

இந்தப் பதிவின் பாதி வெற்றுக் கோப்பில் விழுந்தது. சரிதான்.

நாள் 114 — 05:12

பனி நகர்ந்தது. பதினொரு நொடி. அதிர்வுமானியின் முள் அளவைத் தாண்டிப் போய்விட்டது. நிலையத்தின் கிழக்குச் சுவர் ஒரு சாண் உள்ளே வந்துவிட்டது. காற்று கசியவில்லை.

05:13. கேபிளில் சத்தம் இல்லை.

நாள் 114 — 14:00

கேபிள் 410 மீட்டர் ஆழத்தில் அறுந்திருக்கிறது. துளை மூடிவிட்டது. பனியை உருக்கும் முனை துளைக்குள்ளேயே நசுங்கிக் கிடக்கிறது. மாற்று முனை கிடையாது. மின்சாரம் தரும் வெப்ப அலகு சேதம். பேட்டரி ஏறுமா என்று தெரியவில்லை.

மூழ்குகலத்தில் காற்றும் சூடும் 136-ஆம் நாள் நண்பகல் வரை இருக்கும். கலம் கடலில்தான் இருந்தது, பனியில் அல்ல. ஆகவே

வாக்கியத்தை முடிக்கவில்லை. கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை.

நாள் 115 — 09:30

பூமிக்குச் செய்தி போய்ச் சேர எண்பது நிமிடம். பதில் வர இன்னொரு எண்பது. திட்டத் தலைவர் கோமதிநாயகம் பேசினார். பதிவானபடி:

“முப்பிடாதி, இங்க எல்லாரும் உக்காந்து பாத்துட்டோம். கீழ இறங்க வழி இல்ல. நீங்க 141-ஆம் நாள் ஏறுகலத்துல கெளம்பியே ஆகணும். தாய்க்கலம் அதுக்கு மேல காத்திருக்க முடியாது. மொகுதூம் நிலையை ‘தொடர்பு இல்லை’ன்னு பதிவு பண்ணுங்க. வேற எதுவும் எழுத நமக்கு ஆதாரம் இல்ல.”

எழுதினேன். ‘தொடர்பு இல்லை.’ கட்டம் சுலபமாக நிரம்பியது.

நாள் 116 — 08:00

யோசனை. பனியின் தடிமனை அளக்கும் அதிர்வுச் சுத்தியல் வேலை செய்கிறது. அதன் அடி கீழே கடல்வரை கேட்கும். எழுத்துகளுக்கான தட்டுக் குறிகளின் பட்டியல் அவர் கலத்திலும் இருக்கிறது. விரிசல் சுருங்கியிருக்கும் வேளையில் பனி அமைதியாக இருக்கும். முப்பத்து மூன்று மணிக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம். ஒரு சொல்லைத் தட்டப் பத்து நிமிடம் ஆகும்.

அவர் திருப்பித் தட்டினால் எனக்குக் கேட்காது. அவரிடம் இருப்பது சின்னக் கருவி. பனியின் முனகலில் அது அமுங்கிப் போகும்.

ஆனால் அவரிடம் எட்டுக் குப்பி லித்தியம் உப்பு இருக்கிறது. நீரோட்டத்தைப் பின்தொடரக் கொண்டுபோனது. ஒரு குப்பியைத் திறந்தால் அந்த உப்பு நீரோடு நகர்ந்து, விரிசலேறி, பீய்ச்சலில் வெளியே வரும். என் கருவி பிடித்துவிடும். முன்பு ஆளில்லாக் கருவி ஒன்றை அனுப்பிப் பார்த்தபோது, அது விட்ட உப்பு வந்து சேரப் பதினாறு நாள் ஆனது.

நாள் 116 — 11:05

முதல் செய்தி, 10:00 மணிக்கு: ‘காக்கா. கேட்டால் ஒரு குப்பி திற.’

கேட்டிருந்தால் பதில் 132-ஆம் நாள் வரும்.

நாள் 117 — 20:00

இரண்டாவது, 19:00 மணிக்கு: ‘கேபிள் அறுந்தது. நான் நலம்.’

அவர் நிலையத்தை நினைத்துக் கவலைப்படும் ஆள். என்னைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பட்டது.

நாள் 119 — 05:10

மூன்றாவது: ‘துளைக்க வழியில்லை.’

சொல்லலாமா கூடாதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவர் பொய்யைப் பொறுக்க மாட்டார். தட்டி முடிக்க இருபது நிமிடம். கடைசி எழுத்தில் கை நின்றுவிட்டது. பிறகு தட்டினேன்.

நாள் 120 — 14:00

நான்காவது: ‘உப்பு அளவு நீங்கள் சொன்னதுதான்.’

கடலின் உப்பு பற்றி அவருக்கும் பூமியிலிருப்பவர்களுக்கும் இரண்டு வருடமாகத் தகராறு. அவர் இறங்கி எடுத்த அளவீடுகளை இன்று கூட்டிப் பார்த்தேன். அவர் கணக்குதான் சரி. தட்டும்போது ரொம்ப நாளுக்குப் பிறகு சிரித்தேன். கேட்டு அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

‘கேட்டு’ என்று எழுதியிருக்கிறேன். வாக்கியம் வெற்றுக் கோப்பில் விழுந்தது.

நாள் 121 — 23:00

ஐந்தாவது: ‘அடுத்த முறை ருக்கையா பேசுவார்.’

ருக்கையா அவர் மனைவி. அவர் சொல்வதை வாங்கித் தட்டுகிறேன் என்று பூமியிலுள்ள மையத்திடம் கேட்டிருந்தேன். சரி என்றார்கள்.

நாள் 122 — 18:30

கோமதிநாயகம், பதிவானபடி:

“சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. உங்க பேட்டரி 71-ல இருக்கு. ஏறுகலத்துக்கு 70 வேணும். ஒவ்வொரு தடவை தட்டுறப்பவும் மூணு போகுது. வெப்ப அலகு மறுபடி ஏத்துமான்னு நமக்குத் தெரியாது. நீங்க எழுதின கையேட்டையே கையில வச்சுக்கிட்டுத்தான் கேக்கிறேன். அவர் கேக்கிறாருங்கறதுக்கும் கேக்கலங்கறதுக்கும் இன்னைக்கு உங்க கருவியில என்ன வித்தியாசம் தெரியும்? ஒண்ணும் தெரியாது. 132-ல தெரிஞ்சாலும் அவரைக் காப்பாத்த முடியாது. சுத்தியலை நிறுத்துங்க. இது உத்தரவு.”

பதில் எழுத உட்கார்ந்தேன். அவர் சொன்னதில் தவறு இருந்தால்தானே எழுத. என் முதல் பக்கத்தையே எனக்கு வாசித்துக் காட்டினார். ருக்கையாவுக்காகவாவது, ஒரே ஒரு முறை, என்று எழுதி அழித்தேன்.

‘உத்தரவு ஏற்கப்பட்டது.’

நாள் 123 — 08:00

அமைதி வேளை. தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாள் 123 — 12:40

ருக்கையாவின் குரல் வந்து சேர்ந்தது. நிறுத்தச் சொன்னது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. நான்கு நிமிடம் பேசியிருக்கிறார். தட்ட வசதியாக இருக்கும் என்று கடைசியில் அவரே சுருக்கிச் சொல்கிறார்:

“அவுகட்ட இதை மட்டும் சொல்லுங்கம்மா. பேத்தி பொறந்துட்டா. உம்மா பேருதான் வச்சிருக்கு. அவ்வளவு போதும்.”

அவர் உம்மாவின், அதாவது அம்மாவின், பெயர் எனக்குத் தெரியும். செய்யதலி பாத்துமா. கப்பலில் அவர் அதைச் சொல்லாத வாரம் இல்லை.

நாள் 124 — 16:00

அமைதி வேளை. தட்டவில்லை.

நாள் 126 — 10:15

இனி இதை நேராகவே வெற்றுக் கோப்பில் எழுதுகிறேன். கட்டத்தை நிரப்பும் சிரமம் இல்லை.

நேற்றிலிருந்து யாரோடும் பேசவில்லை. மையம் கருவி எண்களை மட்டும் கேட்கிறது. இரண்டு பேருக்கான சாப்பாட்டுப் பொட்டலத்தை வழக்கம்போலப் பிரித்துவிட்டேன். அவர் பங்கை மூடி வைத்தேன். பிறகு எடுத்துச் சாப்பிட்டேன்.

நாள் 127 — 10:00

அமைதி வேளை. ‘அடுத்த முறை ருக்கையா பேசுவார்’ என்று சொல்லிவிட்டு இது நான்காவது தடவை.

நாள் 129 — 15:30

சுத்தியலின் உறையைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். தேவையில்லாத வேலை.

அவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்? விதிப்படி இது கேள்வியே அல்ல. ஆனால் இங்கிருந்து மூன்று கிலோமீட்டர் கீழே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அல்லது இல்லை. இரண்டில் ஒன்று. நான் பார்க்கிறேனா என்பதை வைத்து அது மாறப்போவதில்லை. இத்தனை வருடம் நான் செய்தது என்னவென்று இப்போது தெரிகிறது. ‘அவர் இருக்கிறாரா’ என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு ‘எனக்குத் தெரியுமா’ என்பதை அந்த இடத்தில் வைத்துவிடுவேன். இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

வெப்ப அலகு தேறிவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்றேகால் ஏறுகிறது.

நாள் 132 — 11:15

லித்தியம்.

10:50-க்கு ஏறத் தொடங்கி 11:02-இல் உச்சம். கருவியைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டினேன். லித்தியம்தான். இந்தக் கடலில் தானாக இருக்கும் அளவைப் போல நாற்பது மடங்கு.

பதினாறு நாளைக் கழித்தால் 116-ஆம் நாள், காலை பத்து ஐம்பது. நான் முதல் செய்தியைத் தட்டி முடித்த நேரம்.

கேட்டிருக்கிறார்.

இன்னும் நான்கு நாளுக்குக் காற்று இருக்கிறது. நான் ஒன்பதாம் நாளாகப் பேசாமல் இருக்கிறேன்.

நாள் 132 — 11:30

பேட்டரி 83. இப்போது தொடங்கி நான்கு முறை தட்டினால் பன்னிரண்டு போகும். கிளம்புவதற்குள் பதினொன்று ஏறிவிடும். இந்தக் கணக்கை 129-லேயே போட்டிருக்கலாம். உத்தரவு இருக்கிறதே என்று போடவில்லை.

மையத்துக்கு லித்தியம் எண்களை அனுப்பினேன். கீழே ஒரு வரி: ‘அடுத்த அமைதி வேளை 22:00. தட்டப் போகிறேன்.’ அனுமதி கேட்கவில்லை.

நாள் 132 — 15:05

கோமதிநாயகம்: “பாத்தேன். தட்டுங்க. நான் பொறுப்பு.” அதற்குப் பிறகு சற்று நேரம் வெறும் இரைச்சல். நிறுத்த மறந்திருக்கிறார். அப்புறம் யாரிடமோ மெதுவாக, “நான்தானே நிறுத்தச் சொன்னேன்” என்பது கேட்கிறது.

நாள் 132 — 23:00

தட்டினேன். ‘ருக்கையா சொல்கிறார். பேத்தி பிறந்தாள். உம்மா பெயர்.’

ஒரு மணி நேரம். தோள் போய்விட்டது. சுத்தியல் விசையால்தான் இயங்குகிறது, நான் பொத்தானை மட்டும்தான் அழுத்துகிறேன். இருந்தாலும்.

நாள் 133 — 19:40

இரண்டாவது குப்பி வந்தது. கணக்கு நிமிடம் பிசகவில்லை. கடிதம் வருவது போல வருகிறது. பதினாறு நாள் பழைய கடிதம்.

நாள் 134 — 08:00. தட்டினேன்.

நாள் 135 — 04:45

மூன்றாவது. ‘துளைக்க வழியில்லை’ என்பதற்கான பதில். அதைக் கேட்டுவிட்டு, குப்பியை எடுத்து, திறந்திருக்கிறார். கேட்டேன் என்று எனக்குச் சொல்வதற்காக.

நாள் 135 — 17:00. தட்டினேன்.

நாள் 136 — 12:00

நண்பகல்.

நாள் 136 — 13:50

நான்காவது வந்தது, உப்பு அளவுக்கான பதில். உச்சம் மற்றவற்றைவிடக் கூர்மை. காரணம் நீரோட்டமாக இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

நாள் 137 — 02:00

தட்டினேன். காற்று முடிந்து பதின்மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பேட்டரி 76.

நாள் 137 — 22:40

ஐந்தாவது.

என் ஐந்து செய்திக்கும் ஐந்து குப்பி. இதற்குப் பிறகு நான் நிறுத்திவிட்டேன். இனி எதுவும் வராது.

நாள் 139 — 07:35

ஆறாவது வந்திருக்கிறது.

பின்னோக்கிக் கணக்கிட்டேன். 123-ஆம் நாள், காலை ஏழரை. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த வேளை. ருக்கையா பேசுவார் என்று சொல்லியிருந்தேன். காத்திருந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகவே, குப்பியைத் திறந்திருக்கிறார். அதற்குப் பொருள் ‘கேட்டேன்’ இல்லை. ‘இருக்கிறாயா’ என்று கேட்கிறார்.

நாள் 140 — 16:30

ஏழாவது. 124-ஆம் நாள். மறுபடியும் கேட்டிருக்கிறார்.

அன்று நான் எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டே வாக்கியம். ‘அமைதி வேளை. தட்டவில்லை.’

மையத்துக்கு எண்களை அனுப்பினேன். பதிலுக்கு அவர்கள் ஏறுகலத்தின் புறப்பாட்டுச் சரிபார்ப்புப் பட்டியலை மட்டும் அனுப்பினார்கள். அதற்கு நன்றி.

நாள் 141 — 04:20

கிளம்புகிறேன். பேட்டரி 81. இந்தக் கோப்பின் ஒரு நகலை இங்கே, மேசைமேல், பெட்டியில் வைக்கிறேன். இன்னொன்று என்னோடு. அவர் அறையைப் பூட்டவில்லை.

நீங்கள் யாராக இருந்தாலும், கீழே இறங்க உங்களிடம் வழி இருந்தால், கலத்தில் ஒருவர் இருக்கிறார். பெயர் மொகுதூம். மரியாதையாக எடுத்து வாருங்கள்.

நாள் 148 — 22:55, தாய்க்கலம்

சனியை விட்டு விலகுமுன் கலம் கடைசியாக ஒரு முறை என்செலடஸின் பீய்ச்சலைக் கடந்தது. வழக்கமான மாதிரி எடுப்பு. நான் கருவிக்கு முன்னால் இருக்க வேண்டிய அவசியமில்லை. இருந்தேன்.

22:38. லித்தியம்.

எட்டாவது.

பதினாறு நாள் கழித்தால் 132. அன்று இரவு பத்து நாற்பது வாக்கில். நான் பேத்தி பிறந்ததைத் தட்டி முடிக்கும் நேரம்.

மிச்சம் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது. எட்டு நாள், ஐந்து அமைதி வேளை, ஒரு சத்தமும் இல்லாமல் போயிருக்கிறது. அவர் அதைத் திறக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

நாள் 149 — 09:10

எட்டாவதும் அவர் திறந்ததுதான் என்று மையம் ஒத்துக்கொண்டது. குப்பி தானாக உடைந்திருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நேரத்தைப் பாருங்கள் என்று பதில் அனுப்பினேன்.

ருக்கையாவிடம் நானே சொன்னேன். பேத்தி விஷயம் காக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது என்றும், எட்டு நாள் தாமதமாகத்தான் சொன்னேன் என்றும், தாமதம் என்னுடையது என்றும் சொன்னேன். பதில் வர மூன்று மணி நேரமானது. பதிவானபடி:

“அவுக எப்பவும் கடைசி ஒண்ண எடுத்து வச்சுக்கிடுவாக. பலகாரம்னாலும் சரி, காசுன்னாலும் சரி. என்னத்துக்குன்னா சொல்ல மாட்டாக. நீங்க வீட்டுக்கு வாங்கம்மா. பிள்ளையப் பாக்கணும்லா.”

நாள் 149 — 15:00

இன்னும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

132-க்குப் பிறகு மூன்று முறை தட்டினேன். என்ன தட்டினேன் என்று அன்று எழுதவில்லை.

134: ‘பேசாமல் இருந்தது என் தவறு.’

135: ‘அந்தச் சண்டையில் நீங்கள்தான் சரி.’

137: ‘காக்கா.’ அது மட்டும்தான். அதையே ஒரு மணி நேரமும்.

இவற்றுக்குப் பதில் சொல்ல அவரிடம் குப்பி இல்லை. எந்த உப்பும் வராது. எந்தக் கருவியிலும், எத்தனை வருடம் காத்திருந்தாலும். மூன்றாவதைத் தட்டும்போது காற்று முடிந்திருந்தது என்பது கணக்கு. அவர் கணக்கைவிட மெதுவாக மூச்சு விடுகிற ஆள்.

‘கேட்டிருப்பார்’ என்று எழுதினேன். அதை அடித்துவிட்டேன்.

கேட்டார்.